பழைய தொப்பிகளை இணைய ஏலத்தில் வாங்குவதும் விற்பதும்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் ஒரு பழைய வீட்டை இடித்து மாடிக் குடியிருப்பு எழுப்பும்போது அலுமாரி, கட்டில், ரேடியோ எல்லாவற்றுக்கும் யாராவது விலை சொல்கிறார்கள். அலுமாரிக்கு மேலே தூசு படிந்து கிடக்கும் தொப்பிப் பெட்டியை மட்டும் குப்பையோடு சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பெட்டிக்குள் இருக்கும் தொப்பிகளுக்காக லண்டனிலும் டெக்சாசிலும் மெல்பேர்னிலும் சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு ஏலம் கேட்கிறார்கள்.

நான் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இணைய ஏலங்களில் தொப்பி வாங்கியும் விற்றும் வருகிறேன். தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். பல பதில்கள் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வரும்: பழைய தொப்பி எதுவென்று அதன் உள்பக்கம்தான் சொல்லும். வாங்குகிறவர் அதைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். விற்கிறவர் கேட்கும் முன்பே காட்ட வேண்டும்.

எவ்வளவு பழையதாக இருந்தால் ‘விண்டேஜ்’ என்று போடலாம்?

எட்சி என்ற இணைய விற்பனைத் தளம் 20 வருடம் என்று வரையறுத்திருக்கிறது. சுங்க வகைப்பாட்டில் 100 வருடத்தைத் தாண்டிய பொருளுக்குத் தனி இலக்கம் உண்டு. அதற்குக் குறைந்த வயதுள்ள தொப்பி 65 ஆம் அத்தியாயத்தில் சாதாரணத் தலையணியாகவே வரும். சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவது 1960களுக்கு முந்தியவற்றை. அதற்குப் பிறகு மேற்கு நாடுகளில் ஆண்கள் அன்றாடம் தொப்பி போடும் பழக்கம் சரிந்தது, பெரிய தொழிற்சாலைகளும் மூடின. அமெரிக்கத் தொப்பிக் கம்பனியான ஸ்டெட்சன் தன் பிலடெல்பியா தொழிற்சாலையை 1971 இல் மூடியது.

கொழும்பு வீடுகளில் என்ன மாதிரியான தொப்பிகள் கிடைக்கின்றன?

முதலிடம் சோலாத் தொப்பிக்கு, விறைப்பான கூடும் சுற்று விளிம்பும் கொண்ட வெயில் தொப்பி. மலையகத்தில் ‘துரைத் தொப்பி’ என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதைத் தோட்டத் துரைமார் மட்டும் போடவில்லை. நில அளவையாளர், ரயில்வே உத்தியோகத்தர், வீதி வேலை மேற்பார்வையாளர் எல்லாரும் போட்டார்கள். மலாயாவுக்குப் போய் ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்து, ஓய்வூதியத்தோடு திரும்பிய யாழ்ப்பாணத்தவர்களின் பெட்டிகளிலும் இது இருந்தது. அந்தக் குடும்பங்களில் பல இப்போது வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் இருக்கின்றன. மாடி வீட்டின் பரணில் சோலாத் தொப்பி கிடந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

அடுத்தது துருக்கித் தொப்பி, கறுப்புக் குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பி. இதற்கு இந்த நகரத்திலேயே ஒரு பெரிய வரலாறு உண்டு. 1905 இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றுவதைப் பிரதம நீதியரசர் லேயார்ட் தடுத்தார். அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று மருதானைப் பள்ளிவாசல் வளவில் முஸ்லிம்கள் பெருங்கூட்டம் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பிறகு அந்த உரிமை கிடைத்தது. ஆகவே மருதானையிலோ புதுக்கடையிலோ ஒரு குடும்பத்தில் தலைமுறையாக இருக்கும் துருக்கித் தொப்பியை வெறும் அலங்காரப் பொருளாக எண்ணி விற்க வேண்டாம் என்று சொல்வேன். அக்காலத் துருக்கித் தொப்பிகளில் ஏராளமானவை ஆஸ்திரியப் பேரரசில், குறிப்பாக இன்றைய செக் நாட்டின் ஸ்த்ரகோனிட்சே நகரில் செய்யப்பட்டவை. உள்ளே அந்தப் பெயரோ ஆஸ்திரிய முத்திரையோ இருந்தால் அது குறை அல்ல, நல்ல அடையாளம்.

பிறகு உரோமத்தையோ கம்பளியையோ அழுத்திச் செய்த ஃபெல்ட் தொப்பிகள், பறங்கியர் வீடுகளிலும் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இருந்த பெண்களின் கலியாண, தேவாலயத் தொப்பிகள், கொஞ்சம் படைத் தொப்பிகள். 1900 இல் தொடங்கி 1949 இல் கலைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத் துரைமார் துப்பாக்கிப் படையின் தொப்பிக்கு வெளிநாட்டில் நல்ல கிராக்கி. அதில் குத்தியிருக்கும் சின்னம் பிற்காலத்தில் வார்த்த போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். சின்னத்தின் பின்பக்கப் படம் இல்லாமல் வாங்காதீர்கள்.

என்னிடம் இருக்கும் சோலாத் தொப்பி அசலா, பிற்காலத்தில் செய்ததா?

கையில் எடுத்தவுடனே பாதிப் பதில் கிடைத்துவிடும். அசல் சோலாத் தொப்பி நெட்டியால் செய்தது. தஞ்சாவூரில் கோயில் உருவங்கள் செதுக்குகிறார்களே, அதே நீர்ச்செடியின் வெண்மையான தண்டு. காற்றைத் தூக்குவது போல இலேசாக இருக்கும். தக்கையால் செய்தவையும் உண்டு, அவை கொஞ்சம் கனம். அழுத்திய நார்மட்டையால் செய்த அமெரிக்கத் தொப்பிகள் இன்னும் விறைப்பாக, தட்டினால் மட்டைச் சத்தம் கேட்கும்படி இருக்கும்.

இப்போது திருப்பி உள்ளே பாருங்கள். நெற்றியில் படும் தோல் பட்டை கூட்டோடு ஒட்டியிருக்காது. இடையில் சிறு தக்கைத் துண்டுகள் வைத்துக் காற்றோட்டத்துக்கு இடம் விட்டிருப்பார்கள். உச்சியில் இருக்கும் குமிழும் காற்றோட்டத்துக்காகத்தான். விளிம்பின் அடியில் பெரும்பாலும் பச்சைத் துணி. பிரித்தானிய இராணுவத்துக்குப் போனவற்றில் அம்பு முத்திரையும் ஆண்டும் இருக்கும். பிளாஸ்டிக் பட்டை, காற்றுத் துளையில் பளபளக்கும் புது உலோக வளையம், பசை மணம், எல்லா இடத்திலும் ஒரே அளவாக மங்கிய நிறம், இவை கண்ணில் பட்டால் சந்தேகப்படுங்கள். வியட்நாமில் இதே வடிவத்துத் தொப்பியை இன்றும் செய்கிறார்கள். அதை இரண்டாம் உலகப் போர்க்காலத்தது என்று ஏலத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டில் தையலின் மேல் பிடியுங்கள். துணியையும் நூலையும் வெண்மையாகக் காட்டும் ஒளிரும் இரசாயனம் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். நூல் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், அந்தத் தையல் 1930களுக்கு உரியதாக இருக்காது. தொப்பி பழையதாகவும் தையல் மட்டும் பிந்தியதாகவும் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஃபெல்ட் தொப்பியின் வயதை எப்படிக் கணிப்பது?

மேலே இருக்கும் நாடாவைப் பார்த்து வயது சொல்லாதீர்கள். நாடாவை யாரும் மாற்றியிருக்கலாம். உள்ளே தோல் பட்டையை மெதுவாக வெளியே மடித்தால் பின்னால் ஒரு சிறு காகிதச் சீட்டு இருக்கும். அளவு, தொழிற்சாலை இலக்கம் எல்லாம் அதில்தான். தோல் காய்ந்து சொரசொரப்பாக இருந்தால் மடிக்க வேண்டாம், வெடித்துவிடும்.

முகவரியும் உதவும். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1963 க்குப் பிந்தியது. ‘சிலோன்’ என்று அச்சிட்ட கடைச் சீட்டு பெரும்பாலும் 1972 மே 22 க்கு முந்தியது, அன்றுதான் நாடு ஸ்ரீலங்கா ஆனது. ‘சிலோன்’ என்ற பெயரை இன்றும் வைத்திருக்கும் கடைகள் இருப்பதால் ‘பெரும்பாலும்’ என்கிறேன். அமெரிக்கத் தொப்பித் தொழிலாளர் சங்கங்கள் இரண்டு 1934 இல் ஒன்றானதால், இணைந்த சங்கத்தின் பெயர் உள்ள சீட்டு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

கம்பனி தொடங்கிய ஆண்டைத் தொப்பியின் ஆண்டாக நினைப்பவர்கள் பலர். லண்டனின் லொக் தொப்பிக் கடை 1676 இலிருந்து இருக்கிறது, இத்தாலியின் போர்சலினோ 1857, ஸ்டெட்சன் 1865. உள்ளே ‘1857’ என்று பொன்னெழுத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு அந்த ஆண்டுத் தொப்பி என்று விளம்பரம் போட்டால் தெரிந்தவர் யாரும் பக்கத்திலும் வரமாட்டார். ஸ்டெட்சன் தொப்பிக்குள் அடித்திருக்கும் ‘எக்ஸ்’ குறிகளின் எண்ணிக்கையும் அப்படித்தான். அது தரத்தைக் காட்டுவது, ஆனால் காலத்துக்குக் காலம் மாறிய அளவுகோல். பழைய காலத்தின் நான்கு எக்ஸை இன்றைய நான்கு எக்ஸோடு ஒப்பிடவே முடியாது.

கோட்டையில் இருந்த வெள்ளைக்காரக் கடைகளின் பெயர் உள்ளே இருந்தால் விட்டுவிடாதீர்கள். தொப்பியைச் செய்தவர் இங்கிலாந்தில் இருப்பார், விற்ற கடையின் பெயரைத் தங்க எழுத்தில் உள்ளே அடித்திருப்பார்கள். கொழும்புக் கடைப் பெயர் கொண்ட தொப்பியை இலங்கையோடு தொடர்புள்ள குடும்பங்கள் வெளிநாட்டில் தேடி வாங்குகின்றன.

அளவு விஷயத்தில் ஏன் இவ்வளவு குழப்பம்?

பிரித்தானிய எண்ணும் அமெரிக்க எண்ணும் வேறு. 57 சென்ரிமீற்றர் தலை பிரித்தானியாவில் 7, அமெரிக்காவில் 7⅛. 58 என்றால் 7⅛, 7¼. 59 என்றால் 7¼, 7⅜. இதோடு, பழைய தோல் பட்டை வெயிலில் சுருங்கித் தொப்பியையும் இழுத்துச் சிறிதாக்கிவிடும். ஆகவே சீட்டில் இருக்கும் எண்ணை நம்பாமல், உள்பட்டையைச் சுற்றி நாடா வைத்து அளந்த சென்ரிமீற்றர் அளவைக் கேளுங்கள். விற்கும்போது இரண்டையும் எழுதுங்கள்.

எந்தத் தளத்தில் வாங்குவது?

ஈபேயில்தான் அதிகம். பிரித்தானிய ஏலக் கடைகளின் விற்பனையை ஒன்றாகக் காட்டும் தி சேல்ரூம், அமெரிக்காவுக்கு லைவ் ஆக்சனியர்ஸ், இரண்டுமே பார்க்கத் தக்கவை. அவற்றில் சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் என்று ஒரு சதவீதம் சேரும். சில இடங்களில் அது கால் பங்கைத் தாண்டும். ஏலம் கேட்கும் முன் அந்தக் கட்டண விவரத்தைத் தேடிப் படியுங்கள். உள்ளூரில் இக்மன் என்ற விளம்பரத் தளம் இருக்கிறது, அங்கே ஏலம் இல்லை, பேரம்தான். ஆனால் நேரில் போய்த் தொட்டுப் பார்க்கலாம். தொப்பி விஷயத்தில் அது பெரிய வசதி.

ஈபேயில் ஏலம் கேட்பது எப்படி வேலை செய்கிறது?

கோயிலில் மாம்பழம் ஏலம் கூறுவதைப் பார்த்திருப்பீர்கள், ஒவ்வொருவரும் வாய்விட்டு ஏற்றிக்கொண்டே போவார்கள். ஈபேயில் உங்கள் உச்சத் தொகையை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், உங்களுக்குப் பதிலாகத் தளமே ஏற்றும். நீங்கள் 60 டொலர் என்று வைத்து, மற்றவரின் உச்சம் 41 என்றால் தொப்பி உங்களுக்கு 42 டொலருக்குக் கிடைக்கும். 25 முதல் 100 டொலர் வரையான விலைகளில் ஒரு டொலர் வீதம்தான் ஏறும்.

ஈபே ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும், நீளாது. அதனால் தெரிந்தவர்கள் கடைசி நொடிகளில்தான் கேட்பார்கள். முன்கூட்டியே கேட்டு விலையை ஏற்றிவிடுவதில் பயன் எதுவும் இல்லை. உங்கள் உச்சத் தொகையை முதலிலேயே தாளில் எழுதிவையுங்கள், கடைசி பத்து விநாடிக்குள் அதைப் போடுங்கள், முடிந்தது. 60 என்று முழு எண்ணாக வைக்காமல் 61.37 போல வையுங்கள். 60 இல் நிற்பவர்கள் நிறையப் பேர்.

நேரத்தைக் கவனியுங்கள். அமெரிக்க மேற்குக் கரையில் ஞாயிறு மாலை 7 மணி என்றால் கோடையில் நமக்குத் திங்கள் காலை 7.30, குளிர்காலத்தில் 8.30. வேலைக்குப் போகும் அவசரத்தில் இருக்கும் நேரம். பிரித்தானிய ஞாயிறு இரவு 8 மணி நமக்கு நள்ளிரவு தாண்டி 12.30, குளிர்காலத்தில் 1.30. விழித்திருக்க முடியாவிட்டால் உச்சத் தொகையை வைத்துவிட்டு நிம்மதியாகப் படுங்கள்.

எவ்வளவு வரை கேட்கலாம்?

தொப்பியின் விலையில் இருந்து தொடங்காதீர்கள், வீட்டு வாசலுக்கு வரும் மொத்தச் செலவில் இருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து வருவதைக் கிலோவாக எடுப்பார்கள். 40, 35, 20 சென்ரிமீற்றர் பெட்டி என்றால் 5.6 கிலோ. உள்ளே இருப்பது 200 கிராம் தொப்பிதான்! ஒரு தொப்பிக்கு ஆகும் கூலியை விட அதே பெட்டியில் ஒன்றுக்குள் ஒன்று வைத்த இரண்டு தொப்பிக்கு அதிகம் ஆகாது என்பதால், ஒரே விற்பனையாளரிடம் இரண்டு எடுக்க முடிந்தால் எடுங்கள். சாதாரண விமானத் தபால் மலிவாக வரலாம், பெட்டியின் அளவுக்கு வரம்பு உண்டு.

அதன் மேல் இங்கே வரி. பொருளின் விலை, கூலி, காப்புறுதி மூன்றையும் கூட்டிய தொகையின் மேல் கணக்கிடுவார்கள். பெறுமதி சேர் வரி மட்டும் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம், மற்றவை தனி. தபாலில் வரும் பொதியைக் கொழும்பு 10 இல் உள்ள மத்திய தபால் பரிமாற்றகத்தில் சுங்கம் பார்க்கும். கூரியர் என்றால் அவர்களே தீர்வை கட்டி, கையாளும் கட்டணத்தோடு உங்களிடம் வாங்குவார்கள். விற்பனையாளரிடம் ‘பெறுமதியைக் குறைத்து எழுதுங்கள்’ என்று கேட்கும் பழக்கம் இருக்கிறது, செய்யாதீர்கள். சட்டப்படி குற்றம், பொதி தொலைந்தால் நட்டஈடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான்.

விற்பனையாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

உள்பட்டையின் முழுச் சுற்றுப் படம். அளவு சென்ரிமீற்றரில். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த படம், அந்துப் பூச்சி தின்ற ஓட்டை அதில்தான் தெரியும். மணம் எப்படி என்பதையும் கேளுங்கள், பூஞ்சண மணத்தைப் படம் காட்டாது. இலங்கைக்கு அனுப்புவாரா, எந்த அளவுப் பெட்டியில் என்பதை ஏலம் முடிவதற்கு முன்பே உறுதிப்படுத்துங்கள். கேள்விக்குப் பதில் சொல்லாதவரிடம் நான் வாங்குவதில்லை, தொப்பி எவ்வளவு அழகாக இருந்தாலும்.

பொருள் விவரத்துக்கு மாறாக இருந்தால், ஈபேயின் பண உத்தரவாதத்தில் முறையிடப் பொதுவாக 30 நாள் உண்டு. பெட்டியைத் திறப்பதைக் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள்.

பழைய தொப்பியைத் தொடுவது உடம்புக்கு ஆபத்து என்கிறார்களே?

பொய்யில்லை. முயல், பீவர் போன்ற விலங்குகளின் உரோமத்தை ஃபெல்ட்டாக்க ஒருகாலத்தில் பாதரச உப்பைப் பயன்படுத்தினார்கள். தொழிலாளர்களுக்குக் கை நடுக்கமும் மனக் குழப்பமும் வந்தன. அமெரிக்காவில் இது நின்றது 1941 டிசம்பரில்தான். பழைய உரோமத் தொப்பிகளில் பாதரசம் இன்னும் எஞ்சியிருப்பதை அருங்காட்சியகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. கையுறை போடுங்கள், பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். முக்கியமாக, மூடிய அறையில் நீராவி காட்டாதீர்கள், சூடு பட்டால் பாதரசம் ஆவியாகும். 19 ஆம் நூற்றாண்டுப் பெண்கள் தொப்பியில் பளிச்சென்ற பச்சை இலை, பூ இருந்தால் அந்தச் சாயத்தில் ஆர்செனிக் இருக்கலாம். அதைப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்கவே வேண்டாம்.

இறகு வைத்த தொப்பியை விற்கலாமா?

கவனம் தேவை. தொப்பிக்காகக் கொக்குகளையும் சொர்க்கப் பறவைகளையும் கூட்டம் கூட்டமாகக் கொன்ற காலம் ஒன்று இருந்தது. அதை எதிர்த்துத்தான் இங்கிலாந்தில் 1889 இல் பறவைப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியது, 1921 இல் இறகு இறக்குமதித் தடைச் சட்டமும் வந்தது. அமெரிக்காவின் 1918 ஆம் ஆண்டு வலசைப் பறவைச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவையின் இறகை எவ்வளவு பழைய தொப்பியில் இருந்தாலும் விற்க முடியாது. இங்கே 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. சேவல் இறகும் தீக்கோழி இறகும் பொதுவாகப் பிரச்சினை இல்லை. எந்தப் பறவை என்று தெரியாத இறகு என்றால் நாட்டை விட்டு அனுப்பாதீர்கள். அதைப் பிய்த்தெடுத்து விற்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை, தொப்பியின் பாதி அதில்தான் இருக்கிறது. உள்ளூரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

விற்கும் முன் சுத்தம் செய்யலாமா?

மென்மையான தூரிகையால் தூசு தட்டலாம், ஃபெல்ட் என்றால் மயிர் படிந்திருக்கும் திசையில். அவ்வளவுதான். தண்ணீர், சவர்க்காரம், வெள்ளைப் பூச்சு, புது நாடா எதுவும் வேண்டாம். சோலாத் தொப்பிக்குச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை அடித்துப் ‘புதுசாக்கி’ விற்கிறார்கள். சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது அதைத்தான், பார்த்தவுடன் விலகிவிடுவார். நெட்டி தண்ணீர் குடித்தால் ஊதி உருக்குலைந்துவிடும். வியர்வைக் கறையை அப்படியே விட்டுப் படம் எடுத்துப் போடுங்கள், கறைக்காக யாரும் கோபித்ததில்லை, மறைத்ததற்காகத்தான் கோபிப்பார்கள்.

விளம்பரத்தை எப்படி எழுதுவது?

ஈபே தலைப்புக்கு 80 எழுத்து. ‘அபூர்வம்’, ‘அழகு’ என்று வீணாக்காமல், என்ன தொப்பி, யார் செய்தது, அளவு, காலம் என்று போடுங்கள். சோலாத் தொப்பியை ஆங்கிலத்தில் ‘பித் ஹெல்மெட்’, ‘சோலா டோப்பி’ என்று இரண்டு விதமாகத் தேடுவார்கள், இரண்டையும் சேருங்கள். படங்களை நிழலான பகல் வெளிச்சத்தில் எடுங்கள். முன், பின், இருபக்கம், மேல், அடி, உள்பட்டை, சீட்டு, ஒவ்வொரு குறையும் தனித்தனியாக. 24 படம் வரை இலவசம், தாராளமாகப் போடுங்கள்.

தெரியாததைத் தெரிந்ததாக எழுதாதீர்கள். ‘இங்கிலாந்தில் செய்தது, கடைச் சீட்டு கொழும்பு, காலம் 1930கள் என்று எண்ணுகிறேன், காரணம் இது’ என்று எழுதினால் வாங்குகிறவருக்கு நம்பிக்கை வரும்.

யாருடைய தொப்பி என்ற விவரமும் எழுதலாம், குடும்பத்தின் சம்மதத்தோடு. ‘மலாயா ரயில்வேயில் 1930களில் வேலை பார்த்தவருடையது’ என்ற ஒரு வரியும், அவர் அதைப் போட்டிருக்கும் பழைய படத்தின் பிரதியும் இருந்தால் தொப்பியின் மதிப்பே வேறு.

தொடக்க விலை எவ்வளவு வைப்பது? எந்த நாளில் முடிய வேண்டும்?

முதலில் முடிந்துபோன ஏலங்களின் விலையைத் தேடுங்கள். விற்காமல் தொங்கிக்கொண்டிருக்கும் விளம்பரங்களின் விலை எதையும் சொல்லாது. பலர் தேடும் வகை என்றால் குறைந்த விலையில் தொடங்கினால் போட்டி வரும். அபூர்வமானது, தேடுபவர் இருவர் மூவர்தான் என்றால், விற்க மனம் ஒப்பும் விலையையே தொடக்கமாக வையுங்கள். ஏழு நாள் ஏலத்தைத் திங்கள் காலை தொடங்கினால் அமெரிக்காவில் ஞாயிறு மாலை முடியும், வீட்டில் சாவகாசமாக இருப்பார்கள்.

புதிய விற்பனையாளருக்கு ஈபே எண்ணிக்கை வரம்பு வைக்கும், பணத்தையும் சில காலம் பிடித்து வைக்கலாம். அவசரப் பணத் தேவைக்காக இதைத் தொடங்க வேண்டாம்.

பணம் எப்படிக் கைக்கு வரும்?

இங்கிருந்து விற்பவர்களுக்கு ஈபே பேயோனியர் என்ற இணையப் பணச் சேவைக் கணக்குக்கு அனுப்பும், அங்கிருந்து உங்கள் வங்கிக்கு எடுக்கலாம். பேபாலை மட்டும் நம்பித் தொடங்காதீர்கள், பணம் கட்ட உதவிய அளவுக்கு இங்கே அது பணம் பெற உதவியதில்லை. இரண்டு கணக்கிலும் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். தமிழ்ப் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னும் பின்னும் மாறி வந்து கணக்கு முடங்குவது அடிக்கடி நடக்கிறது.

வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி வேண்டுமா? வாங்குபவருக்கு வரி வருமா?

20 ஆம் நூற்றாண்டின் சாதாரண ஃபெல்ட் தொப்பிக்குப் பெரும்பாலும் சிக்கல் இல்லை. மிகப் பழையது, படைத்துறை சார்ந்தது, வரலாற்றில் அறியப்பட்ட ஒருவருடையது என்றால் 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் குறுக்கே வரலாம். கொழும்பு 7 இல் தொல்பொருளியல் திணைக்களம் இருக்கிறது. அனுப்பும் முன் படத்தோடு போய்க் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வாங்குபவர் பக்கமும் மாறியிருக்கிறது. அமெரிக்காவில் 800 டொலருக்கு உட்பட்ட பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கு 2025 ஆகஸ்ட் 29 இல் நிறுத்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சிறு பொதிகளுக்கான 22 யூரோ வரி விலக்கு 2021 ஜூலையில் போய்விட்டது. வரி யார் பொறுப்பு என்பதை விளம்பரத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

எப்படிப் பொதி செய்வது?

தொப்பியை விளிம்பில் நிற்க விடாதீர்கள், விளிம்பு வளைந்துவிடும். மேல்கூட்டுக்குள் வெள்ளை டிசுத் தாளை மெதுவாக நிரப்புங்கள், பத்திரிகைத் தாள் மை விடும். சிறு பெட்டியின் அடியில் தாளால் ஒரு வளையம் செய்து, தொப்பியை அதில் கவிழ்த்து மேல்கூடு கீழே இருக்கும்படி உட்கார வையுங்கள், விளிம்பு எதையும் தொடக் கூடாது. அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து இடைவெளியை நிரப்புங்கள். தொப்பி ஊசி இருந்தால் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். முழுவதையும் பொலித்தீனில் காற்றுப்புகாமல் இறுக்கிக் கட்டினால் கொழும்பின் ஈரத்தையும் சேர்த்து அனுப்புவீர்கள். சிலிக்கா ஜெல் பை ஒன்று வையுங்கள்.

கொழும்பு வெக்கையில் தொப்பியை எப்படிக் காப்பது?

இங்கே காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல்தான், பூஞ்சணத்துக்கு அது போதும். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக் காற்றும் சேரும். வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியில் வைக்காதீர்கள். பெட்டியை இடைக்கிடை திறந்து, மின்விசிறிக் காற்றில், நிழலில் வையுங்கள். வெயிலில் காயப் போடுவது நம் வீடுகளில் எல்லாருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம். தொப்பிக்கு அது கேடு, தோல் வெடிக்கும், நிறம் போகும். பூச்சி உருண்டையும் வேண்டாம், அந்த மணம் ஃபெல்ட்டை விட்டு எளிதில் போகாது, வெளிநாட்டில் அதற்காகவே திருப்பி அனுப்புகிறார்கள்.

ஃபெல்ட்டில் அந்துப் பூச்சி இருந்தால், பொலித்தீன் பையில் போட்டுக் காற்றை எடுத்து வீட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின், பை முழுதாக அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள், இல்லாவிட்டால் தொப்பியின் மேல் நீர் வியர்க்கும். காகிதம், துணி தின்னும் இராமபாணப் பூச்சிக்கு உள் சீட்டின் பசை பிடித்த உணவு. சீட்டைப் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

அப்பப்பாவின் தொப்பியை விற்பதா, வைத்திருப்பதா?

வீட்டில் யாராவது ஒருவர் அதைப் பார்த்துக்கொள்ளத் தயாராக இருந்தால் வைத்திருங்கள் என்பேன். யாரும் இல்லை, பரணில் கிடந்து பூஞ்சணம் பிடிக்கிறது என்றால், விரும்பி வாங்குபவரிடம் போவது நல்லது. விற்பதானாலும் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அவர் யார், எங்கே வேலை பார்த்தார், தொப்பியை எங்கே வாங்கினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். தொப்பிப் பெட்டி, கடை ரசீது, அவர் அதைப் போட்டிருக்கும் படம் எல்லாவற்றையும் பிரதி எடுங்கள். பெட்டியைத் தனியாகவும் தொப்பியைத் தனியாகவும் விற்காதீர்கள், இரண்டும் பிரிந்தால் பிறகு சேர்வது அரிது.

வாங்கிய தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போகலாமா?

1950களுக்குப் பிந்தைய கம்பளி ஃபெல்ட், நல்ல நிலையில் உள்ள பனாமா இரண்டையும் போடலாம். பனாமாவை ஈக்குவடோரில் டொக்கிலா இலையிலிருந்து பின்னுகிறார்கள், கொழும்பு வெயிலுக்கு அது அருமை. எடுக்கும்போது முன் மடிப்பைக் கிள்ளித் தூக்காமல் விளிம்பைப் பிடித்து எடுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தில் வெடிக்கும். பாதரச காலத்து உரோமத் தொப்பியையும், மழை வரும் நாளில் சோலாத் தொப்பியையும் வெளியே கொண்டுபோக வேண்டாம். காருக்குள் விட்டுவிட்டும் போகாதீர்கள், மூடிய காரின் சூட்டில் தோல் பட்டை ஒரே மதியத்தில் சுருங்கிவிடும்.